உன் வீடியோவுக்கு அப்பா சொல்லும் பதில்

எய்யா,

கிளினிக்கில் ஆள் உட்கார்ந்திருந்தால் இதை இப்போதே மடித்து மேசை இழுப்பறையில் வை. காரில் சிக்னலுக்கு நிற்கும்போதும் வாசிக்காதே. வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, வயிற்றுக்குச் சாப்பிட்ட பிறகு எடு. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். என் குரலை அப்படி ஓடவிட்டதை உன் வீட்டுச் சமையலறையில் நின்று நானே ஒரு நாள் கேட்டேனே, கிளி கத்துகிற மாதிரி இருந்தது. இந்த விஷயத்தை நீ மெதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். ஸ்ரவந்தி என்ன கடிதம் என்று கேட்டால், உன் மாமியார் என்னைத் திட்டி எழுதியிருக்கிறாள் என்று சொல். முழுப் பொய்யும் இல்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அங்கே அவர் கண் திறந்த அன்றைக்கு, "இந்த உப்பை உங்களுக்கு யாரு சொன்னா?" என்று நீ கேட்டாய். பேப்பரில் படித்ததாக அப்பா சொன்னார். அது பொய். பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். வாயைத் திறக்காதே என்று அவர் கேட்டுக்கொண்டதால் இத்தனை மாதம் முழுங்கிக்கொண்டு கிடந்தேன். போன வாரம் நீ போட்ட வீடியோவைப் பார்த்த பிறகு என்னால் ஆகவில்லை. உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இதை வாசித்தால் நீ உடைந்துபோவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் இருக்கும்போதே உடைந்தால் ஒட்டவைக்க ஆள் இருக்கும். அவர் போன பிறகு உனக்குத் தெரியவந்தால் நான் ஒருத்தி என்ன செய்வேன்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. எம்.டி. படித்துவிட்டு கிளினிக்கில் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறானாமே என்று டவுன்ஷிப்பில் சிரித்தவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். மாத்திரையும் வேண்டும், தூக்கமும் வேண்டும், சோறும் வேண்டும், நடையும் வேண்டும், மனசும் வேண்டும், மனுஷனைத் துண்டு துண்டாகப் பார்க்காதே, முழுசாகப் பார் என்று நீ சொல்வதில் என்ன தப்பு? குகட்பள்ளியில் உன் கிளினிக்கில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டு சுஜாதம்மாவுக்குத் துணையாக வந்தேன். அவளுக்குத் தீராத தலைவலி. ஊரில் உள்ள ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. நீ மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து, முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாய். எப்போது தூங்குகிறீர்கள், எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். கடைசியாக, "ராத்திரி யாரோட சாப்பிடுவீங்க ஆன்ட்டி?" என்று தெலுங்கில் கேட்டாய். அவ்வளவுதான். புருஷன் போய், மகளும் வெளிநாடு போய், டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே சாப்பிட்டுப் படுக்கிறவள், உன் முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நீ அவசரப்படுத்தவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாய். மாத்திரையும் எழுதிக் கொடுத்தாய், யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாய். இன்றைக்கும் ராத்திரி தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் நம் வீட்டுக்குத்தான் வருகிறாள். தலைவலி போய்விட்டது. உன் மாத்திரையில் போயிற்றா, என் ரசத்தில் போயிற்றா, எனக்குத் தெரியாது. பெற்ற வயிறு குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

அப்படிப்பட்ட நீ நம் வீட்டுக்கு வந்தால் என்ன செய்கிறாய்? செருப்பைக் கழற்றும்போதே உன் கண் அப்பாவின் கணுக்காலுக்குப் போகிறது. வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறாய். பிறகு வெயிட் மெஷின். பிறகு பிபி. பிறகு கையில் டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து, உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கிறாய். "ம், ஓடுது" என்று விரலை எடுத்துவிடுகிறாய். நீ எடுத்த பிறகும் அவர் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டி வைத்திருப்பார். நீ அதற்குள் என்னிடம் திரும்பி, தண்ணீர் எவ்வளவு குடித்தார், தக்காளி சேர்த்தாயா, சாம்பாருக்குக் காயை வேகவைத்து வடித்தாயா என்று ஆரம்பித்திருப்பாய். தினமும் காலையில் ஃபோன் வரும். "அம்மா, பிபி எவ்ளோ? வெயிட் எவ்ளோ?" நான் சொல்வேன். "ஓகே" என்பாய். வைத்துவிடுவாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னளா கேட்டான்?" என்பார். "உங்களத்தான் கேட்டான்" என்பேன். எண்ணைத்தான் கேட்டாய் என்று எப்படிச் சொல்வது?

இதில் உன்னை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. உன் அப்பா ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். டர்பைனுக்குப் போகிற ஒவ்வொரு துண்டையும் கேஜ் வைத்து அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அளக்காத எதையும் நம்பாத மனுஷர். நீ காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடக்கிறாய், இவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரோடு வருவார், உதறுவார், உன் கக்கத்தில் வைப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், போய்விடுவார். உன் நெற்றியில் ஒரு தரம் கை வைக்கவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த பிள்ளைதானே, தொட்டுப் பாத்தா என்ன குறைஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். "கை தப்பாச் சொல்லும்ளா" என்றார். அப்போதுதான் பார்த்த தெர்மாமீட்டரை மறுபடியும் உதறி உன் கக்கத்தில் வைத்தார். காய்ச்சல் இறங்கிய அன்று, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கேரியரில் ஒரு முழுத் தர்ப்பூசணியைக் கட்டிக்கொண்டு வந்தார். டைஃபாய்டு பிள்ளைக்கு யாராவது தர்ப்பூசணி வாங்குவார்களா? அதை நீ சாப்பிடவும் இல்லை. அவருக்கு அதைத் தவிர வேறு விதமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நீ அப்பாவின் கணுக்காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெர்மாமீட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பயந்தால் நீங்கள் இரண்டு பேரும் அளக்கிறீர்கள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால்கூட நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்திருப்பேன். நீ ஸ்கூலுக்குப் போய்த் தெலுங்கும் இங்கிலீஷும் பேச ஆரம்பித்தாய். அவர் தமிழில் கேட்பார், நீ தெலுங்கில் பதில் சொல்வாய். பிறகு ஹாஸ்டல், பிறகு பெரிய படிப்பு. "என்னல, சாப்பிட்டியா?", "ஆ, ஆயிந்தி." சாப்பிட்டாயிற்று என்பதோடு சரி, இவ்வளவுதான் பேச்சு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். உன் அப்பாவுக்கு அழத் தெரியாது, கேட்கவும் தெரியாது. பையன் பிஸியாக இருப்பான், தொந்தரவு செய்யாதே என்று எனக்கு உபதேசம் செய்வார்.

நீ வீடியோ போட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. முதல் வீடியோவை சுஜாதம்மாதான் காட்டினாள். அன்றிலிருந்து ஒன்றையும் அவர் விட்டதில்லை. சாயங்காலம் பல் விளக்கி, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் ஃபோனை டம்ளரில் சாய்த்துவைத்து உட்காருவார். ஆபீசுக்குப் போகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார், சத்தியமாக. நீ வெள்ளைச் சட்டையில் வந்து, கைகூப்பி, "அந்தரூ பாகுன்னாரா?" என்று சிரிப்பாய். எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று லட்சம் பேரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இவர் பதில் சொல்வார். "நல்லா இருக்கேன் எய்யா" என்று வாய்விட்டுச் சொல்வார். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். "கிறுக்கா உங்களுக்கு? அவனுக்குக் கேக்கவா போகுது?" என்றேன். "கேக்கவன் கேட்டா பதில் சொல்லணும்லா. மரியாத வேண்டாமா?" என்றார். எய்யா என்று அவர் உன்னைக் கடைசியாக நேரில் கூப்பிட்டது எப்போது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. ஃபோனில் தெரிகிற உன்னை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நீ சொன்னதெல்லாம் அவருக்குச் சட்டம். நீ ஜொன்ன ரொட்டி, நம் சோள ரொட்டி, சொன்னாய், ராத்திரி சோறு போயிற்று. சாப்பிட்டதும் நடக்கச் சொன்னாய், டவுன்ஷிப் ரோட்டில் இருட்டுவதற்குள் ஒரு சுற்று வந்துவிடுவார். இடது மூக்கு, வலது மூக்கு என்று மூச்சுப் பயிற்சி சொன்னாய், கண்ணை மூடிக்கொண்டு, விரலை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எனக்குக் கிண்டல் செய்ய மனசு வராது. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனால், ஃபேக்டரியில் கற்றுக்கொண்ட ஹிந்தியில் "நக்கோ நக்கோ" என்று கையால் மறைப்பார். "டாக்டர் சாப் ஏசுவான்" என்பார். அந்தப் பெருமை அவர் முகத்தில் இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பையனிடம் வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று தனியாகக் கிட்னி டாக்டர் இருந்தார், அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனசில் நீ ஒருத்தன்தான் டாக்டர்.

அந்த உப்பு விஷயமும் இப்படித்தான். பிளட் பிரஷரைப் பற்றி நீ ஒரு வீடியோ போட்டாய். சாதா உப்பைக் குறையுங்கள், அதற்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்கள், அதைச் சேர்க்கலாம் என்று சொன்னாய். கடைசியில், கிட்னியில் பிரச்னை உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள் என்றும் சொன்னாய். சொன்னாய் எய்யா, நானும் கேட்டேன். அதனால் உன் மேல் ஒரு பிழையும் இல்லை. இதை முதலில் மனசில் எழுதிக்கொண்டு மேலே வாசி. மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய் அந்த உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கிட்னிக்காரங்க டாக்டரக் கேக்கணும்னு சொன்னான்லா? ஒரு வார்த்த கேட்டுருவோமே" என்றேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "டாக்டரக் கேக்கணும்னு டாக்டர்தானளா சொல்லுதான்? பிறகு யார்ட்டப் போயிக் கேக்க? எம் பிள்ள என்னப் பத்தித் தெரியாமலா சொல்லிருப்பான்?" என்றார். மற்றவர்களுக்கு அவர்களுடைய டாக்டர் வேறே எங்கோ இருக்கிறார், அவருக்கு அவருடைய டாக்டர்தான் திரையில் இருக்கிறான். அந்தக் கணக்கில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஃபோன் செய்திருக்கலாம். நீ வேலையாக இருப்பாய் என்று விட்டுவிட்டேன். அந்த உப்பைப் போட்டு சமைத்தது இந்தக் கைதான்.

உப்பில்லாமல் சாப்பிட்டு நாக்குச் செத்துப்போய்க் கிடந்த மனுஷர். டாக்டர் பிள்ளை அனுமதித்த உப்பு என்று ரசத்திலும் போட்டார், மோரிலும் போட்டார். அந்தக் கொஞ்ச வாரம் அவர் ருசித்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் ருசித்து நான் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் பால்கனி நாற்காலியிலிருந்து எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. துணி நழுவுகிற மாதிரி தரையில் சரிந்தார். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருந்த பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, உடனே டயாலிசிஸ் என்று ஓடினீர்கள். உயிரைக் காப்பாற்றியது நீதான். நீ அவ்வளவு வேகமாக வந்திராவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஐ.சி.யு.வில் கண் திறந்த அன்று, உப்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ அவரைப் பார்த்துக் கத்தினாய். "எவரு செப்பாரு, யாரு சொன்னா உங்களுக்கு? பேப்பர் பார்த்து வைத்தியம் பண்ணிப்பீங்களா? இன்ட்லோ டாக்டர் உன்னாடு கதா!" வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கிறானே என்று சொல்லும்போது உன் குரல் உடைந்துபோயிற்று. நான் வாயைத் திறக்கப் போனேன். போர்வைக்கு அடியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தி வீங்கின கை, ஆனாலும் இறுக்கமாகப் பிடித்தார். நீ வெளியே போன பிறகு சொன்னார்: "சொல்லீராத. தெரிஞ்சா அவன் பேசுதத நிறுத்திருவான். பேசுதத நிறுத்திட்டான்னா நான் எதப் பாக்க?" நன்றாகக் கேட்டுக்கொள். நீ வருத்தப்படுவாய் என்றுகூட அவர் முதலில் சொல்லவில்லை. உன் குரல் வராமல் போய்விடும் என்றுதான் பயந்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்த உப்பு இல்லாவிட்டாலும் ஒரு நாள் இங்கேதான் வந்து நின்றிருக்கும், கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்று கிட்னி டாக்டர் என்னிடம் சொன்னார். அது உண்மையோ, ஆறுதலோ. இப்போது இதயமும் பலவீனம் என்கிறார்கள். டயாலிசிஸ் முடிந்து வருகிற அன்று அவர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறார். படி ஏறுவதற்குத் தெம்பு சேர்க்கிறார். பங்கனப்பள்ளி மாம்பழம் வந்துவிட்டது, அதன் பக்கமே போகக் கூடாது. சுஜாதம்மா தெரியாமல் ஒரு கூடை கொண்டுவந்துவிட்டாள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "குடுத்துருளா" என்று திருப்பி வைத்தார். இப்போது நக்கோ என்று சொல்வதில்லை. வேண்டாம் என்கிறார். இன்னும் எவ்வளவு நாள் என்று உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அதை மறைத்துக்கொண்டு பொட்டாசியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

இனி போன வார வீடியோ. வழக்கம்போல முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை இப்போது தொளதொளவென்று தொங்குகிறது. நீ கைகூப்பிக் கேட்டாய், அவர் "நல்லா இருக்கேன் எய்யா" என்றார். நீ அந்த உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் என்றாய். படித்தவர், பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர், எதையோ பேப்பரில் அரைகுறையாகப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் தானே வைத்தியம் செய்துகொண்டார் என்றாய். இதுதான் நம் ஊரில் பெரியவர்களின் பிடிவாதம், வீட்டில் டாக்டர் இருந்தாலும் கேட்க மாட்டார்கள் என்றாய். பெயர் சொல்லவில்லைதான். நீ அப்பாவை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்றும் எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்று நினைத்தாய். உன் கோபம் உனக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவி, அதை ஊருக்குச் சொல்லித் தீர்த்துக்கொண்டாய். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தட்டுமா என்று ஃபோனை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கடைசி வரை கேட்டார். நீ கைகூப்பி முடித்ததும், "சரியாத்தான் சொல்லுதான்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சுஜாதம்மா தட்டோடு வந்து, சாப்பிட வாங்கண்ணா என்று கூப்பிட்டுக்கூட எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். என் வாக்கு போனால் போகட்டும். தன்னைப் பற்றிய பொய்யை, தன் பிள்ளை வாயாலேயே, சரி என்று கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் சாகக் கூடாது. அவர் பிடிவாதக்காரர் இல்லை. யாரையும் கேட்காதவரும் இல்லை. உன்னைக் கேட்டுத்தான் செய்தார். நீ பேசியதைத்தான் கேட்டார்.

கோபம் வருகிறதா? வரட்டும். அழுகை வருகிறதா? ஸ்ரவந்தி பக்கத்தில் உட்கார்ந்து அழு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழாதே. உன் அப்பா அப்படித்தான் செய்வார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. உனக்கும் கொஞ்சம் வைத்தியம் சொல்கிறேன், அம்மா எம்.டி. படிக்கவில்லை, இருந்தாலும் கேள். ஊருக்குத் தூக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவன் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்பு வளையம். மெல்ல மென்று சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சாண்ட்விச் தின்கிறாய். உன் மகளோடு உட்கார்ந்து சாப்பிடு. அவள் என்ன சொல்கிறாள் என்று கேள். இல்லாவிட்டால் அவளும் ஒரு நாள் ஃபோனை டம்ளரில் சாய்த்துவைத்து உன்னைப் பார்ப்பாள். வீடியோவை மட்டும் நிறுத்திவிடாதே. இதற்காக நீ நிறுத்தினால் என்னை அவர் மன்னிக்க மாட்டார், உன்னை நானும் மன்னிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவாய். நான் எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன், ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும். பிபி மெஷினையும் வெயிட் மெஷினையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன், சாவி கேட்காதே. கணுக்காலைப் பார்க்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மன்னிப்பும் கேட்காதே. நீ மன்னிப்புக் கேட்டால் அவர் பதறிப்போய் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அன்றைக்கும் அவருடைய பேச்சு அவரிடமே நின்றுபோகும். நாற்காலியை இழுத்துப் போட்டு, சுஜாதம்மா முன்னால் உட்கார்ந்தாயே, அப்படி உட்கார். ஊரைக் கேட்கிற அந்தக் கேள்வியை அவரைக் கேள். தெலுங்கில் கேட்டாலும் பரவாயில்லை.

கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீடியோவில் நீ கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் இன்றைய விஷயத்துக்குப் போய்விடுகிறாய். இவர் நல்லா இருக்கேன் எய்யா என்று சொல்வதற்குத்தான் இடம் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் டயாலிசிஸிலிருந்து வந்து அப்படியே உட்கார்ந்தவர், "நல்லா இருக்கேன் எய்யா. ஆனா..." என்று ஆரம்பித்தார். நீ அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாய். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசிவிட்ட பிள்ளையைப் போல டக்கென்று நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தீங்க என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்லளா, அவன் பேசட்டும்" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் முதலில் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். எழுந்துவிடாதே. அந்த ஆனா வரும்வரை உட்கார்ந்திரு. அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது எய்யா. அதை உனக்காகத்தான் வைத்திருக்கிறார்.

அம்மா